தராசு சொல்லாததை நாடா சொல்லும்

தனுவச்சபுரம், பாறசாலை, களியக்காவிளை என்று எல்லையின் எந்தப் பக்கம் போனாலும் வேகவைத்த மரச்சீனிக் கிழங்குக்கும் மீன்கறிக்கும் உள்ள மவுசு தனி. 1956-ல் கோடு போட்டவர்கள் விளவங்கோட்டைத் தமிழ்நாட்டுக்கும் நெய்யாற்றின்கரையைக் கேரளத்துக்கும் கொடுத்தார்கள். சாப்பாட்டுத் தட்டு அந்தக் கோட்டைக் கண்டுகொள்ளவில்லை.

அந்தத் தட்டில் 300 கிராம் கிழங்கு இருந்தால் ஏறக்குறைய 450 கலோரி. 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் நடந்தால் சுமார் 50 கலோரிதான் செலவாகும். மீன்கறியைக் கணக்கில் சேர்க்காமலே, கிழங்குக்கு மட்டும் ஒன்பது கிலோமீட்டர் நடக்கவேண்டும்! நடந்தே இளைத்துவிடலாம் என்று புத்தாண்டில் கிளம்புகிற பலரும் கவிழ்வது இந்தக் கணக்கில்தான். எடை இறங்க வேண்டுமானால் முதலில் கைவைக்கவேண்டியது தட்டில்.

சரி, இறங்கும் கொழுப்பு எங்கே போகிறது? வியர்வையாக வடிகிறது என்பார்கள், உருகிச் சூடாகிவிடுகிறது என்பார்கள். ஆஸ்திரேலியாவின் ரூபன் மீர்மனும் ஆண்ட்ரூ பிரவுனும் மருத்துவர்களையும் உணவியல் வல்லுநர்களையும் கேட்டபோது அவர்களிலேயே பெரும்பாலோர் தவறாகச் சொன்னார்கள். கொழுப்பு என்பது கார்பன், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் அணுக்களின் கூட்டு. அது எரியும்போது ஒவ்வொரு அணுவும் எங்கே போய்ச் சேர்கிறது என்று அந்த இருவரும் 2014-ல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: 10 கிலோ கொழுப்பில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறுகிறது, மிச்சம் 1.6 கிலோ தண்ணீராகிறது. இளைத்தவர் தம் தொப்பையை ஊதித்தான் தள்ளியிருக்கிறார். அதற்காகச் சும்மா உட்கார்ந்து வேகமாக மூச்சுவிட்டால் தலைதான் சுற்றும். தசை வேலை செய்தால்தான் கூடுதலாகக் கார்பன் எரியும்.

எடை கிடக்கட்டும், பழக்கங்களை மாற்றினால் சர்க்கரை நோயைத் தடுக்க முடியுமா? அதைப் பார்க்க, முதலில் சொன்ன அதே நெய்யாற்றின்கரை தாலுகாவில்தான் இந்தியக் கிராமங்களுக்கு முக்கியமான ஒரு சோதனை நடந்தது. கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டம் என்று பெயர். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் கே.ஆர். தங்கப்பன் உள்ளிட்ட குழுவினர் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளிலிருந்து, 30 முதல் 60 வயதுக்குட்பட்ட 1,007 பேரைச் சேர்த்தார்கள். எல்லோரும் சர்க்கரை நோய் வரும் அபாயம் கூடியவர்கள். பாதிப் பகுதிகளில் ஊர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து அவர்களைக் குழுத் தலைவர்கள் ஆக்கினார்கள். மாத்திரை கிடையாது. ஓராண்டு காலம் கூடிப் பேசுவது, நடப்பது, வீட்டுப் பின்புறத்தில் காய்கறி போடுவது. மற்றப் பகுதியினருக்குக் கையேடு மட்டும்.

2018-ல் முடிவு வெளியானது. இரண்டு ஆண்டில் கையேட்டுக்காரர்களில் 17.1 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்திருந்தது, குழுக்காரர்களில் 14.9. புள்ளியியல் கண்ணுக்கு இது தற்செயலாகவும் இருக்கலாம் என்கிற அளவு வித்தியாசம். அதை மறைக்காமல் எழுதியதற்காகவே அவர்களைப் பாராட்டலாம். ஆனால் குழுவினரிடையே காய்கறியும் பழமும் போதிய அளவு சாப்பிடுவோர் கூடியிருந்தார்கள், குடிப்போர் குறைந்திருந்தார்கள். பழக்கங்கள் நகர்ந்திருந்தன.

சென்னையில் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பானது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரில் ஒரு பிரிவினருக்கு உணவிலும் நடையிலும் மாற்றம் சொன்னார்கள். ஆலோசனை பெறாதவர்களில் 55 சதவீதம் பேர் மூன்றாண்டில் நோயாளிகள் ஆனார்கள், பெற்றவர்களில் 39.3 சதவீதம்தான். அமெரிக்காவில் 2002-ல் இதுபோன்ற ஆய்வு நோயை 58 சதவீதம் குறைத்தது. அங்கே ஆட்கள் கிலோ கிலோவாக இளைத்திருந்தார்கள். சென்னைக்காரர்களுக்கோ எடை சொல்லும்படி இறங்கவே இல்லை. எடை இறங்காமலே பலன்!

எப்படி? வேலை செய்யும் தசை, இன்சுலின் என்ற சாவிக்குக் காத்திராமல் தன் கதவைத் தானே திறந்து ரத்தச் சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. நடந்து முடித்தபின்னும் பல மணி நேரம் இன்சுலினின் சொல்லுக்கு அது நன்றாகவே செவிசாய்க்கிறது. இந்த மாற்றம் எதுவும் எடை இயந்திரத்தில் தெரியாது.

அந்த இயந்திரம் நம்மவர்களை இன்னொரு வகையிலும் ஏமாற்றும். கை கால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால் நிற்கும். கொழுப்பு குடலைச் சுற்றியும் கல்லீரலுக்குள்ளும் பதுங்கியிருக்கும். அதனால்தான் சென்னையில் வி. மோகன் குழுவினர் 2005-ல் உருவாக்கிய அபாயப் புள்ளிக் கணக்கில் எடையே இல்லை. வயது, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா, உடலுழைப்பு எவ்வளவு, இடுப்புச் சுற்றளவு எவ்வளவு என்று நாலே கேள்விகள். நூற்றுக்கு 60 வந்தால் அபாயம் அதிகம். நெய்யாற்றின்கரை ஆய்வுக்கு ஆளெடுத்ததும் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

தையல்காரரின் நாடா ஒன்று போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, வயிற்றை எக்காமல், மூச்சை விட்டபிறகு அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80-ஐத் தொட்டிருந்தால், எடை எதுவாக இருந்தாலும், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை ரத்தச் சர்க்கரை பார்த்துவிடுங்கள்.