டிஜிட்டல் சினிமா கேமராவைத் தேர்ந்தெடுத்தல்

பிலிம் சுருளுக்குப் பதிலாக, சென்சார் எனப்படும் ஒளியுணர் சில்லில் காட்சியைப் பதிவு செய்யும் கருவியே டிஜிட்டல் சினிமா கேமரா. 2007-இல் வந்த ரெட் ஒன், 2010-இல் வந்த ஆரி அலெக்ஸா ஆகிய இரண்டும் திரைத்துறையில் பிலிமின் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டன. 2009-இல் வெளியான 'அச்சமுண்டு! அச்சமுண்டு!', 'உன்னைப்போல் ஒருவன்' ஆகிய தமிழ்ப் படங்கள் ரெட் ஒன்னில் எடுக்கப்பட்டவை.

மாணவர்கள் முதலில் கேட்பது "எத்தனை கே?" என்பதுதான். 4கே என்றால் படத்தின் அகலத்தில் ஏறத்தாழ 4,000 புள்ளிகள் உள்ளன என்று பொருள். இந்த எண்ணை வைத்து மட்டும் தரத்தை முடிவு செய்ய இயலாது. புதுச்சேரியிலும் படமாக்கப்பட்ட 'லைஃப் ஆஃப் பை' (2012) ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர் விருது பெற்றது. அதற்குப் பயன்பட்ட அலெக்ஸா 4கே கேமராகூட அன்று. 5கே தரும் ரெட் எபிக் அப்போதே சந்தையில் இருந்தது.

பிறகு எதைப் பார்ப்பது? திருப்பூர் ரயில் நிலையத்தை அடுத்த காதர்பேட்டையில் ஒரு குறும்படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். பனியன் மொத்த வியாபாரக் கடைகள் நெருங்கி நிற்கும் பகுதி அது.

தெருவில் உச்சிவெயில், கடைக்குள் டியூப்லைட். இரண்டும் ஒரே ஷாட்டில் வந்தால், வெயில் வெளுத்துப்போகாமலும் உள்பக்கம் இருண்டுவிடாமலும் பதிய வேண்டும். இந்தத் திறனை 'ஸ்டாப்' கணக்கில் சொல்வார்கள். ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியளவு இரட்டிப்பாவதைக் குறிக்கும். அலெக்ஸா பெயர் வாங்கியது இதில்தான்.

அடுத்தது துணி. ரிப் பின்னலின் நுண்ணிய கோடுகளும் சென்சாரின் புள்ளி வரிசையும் ஒன்றோடொன்று மோதும்போது, துணியில் இல்லாத அலையலையான வண்ணப் பட்டைகள் படத்தில் தோன்றும். இதற்கு மொய்ரே என்று பெயர். கேனான் 5டி மார்க் 2 போன்ற பழைய ஸ்டில் கேமராக்கள் வீடியோ எடுக்கையில் சென்சாரின் சில வரிசைகளை விட்டுவிட்டுப் படித்ததால் இது அதிகம் தெரிந்தது. சென்சாருக்கு முன் மெல்லிய வடிகட்டி உள்ள கேமராவில் குறையும். பின்னலாடை விளம்பரம் எடுப்பவருக்கு இது சிறு குறையன்று. காட்ட வேண்டிய சரக்கே கெட்டுவிடும்.

டியூப்லைட் இன்னொரு தொல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், பழைய சோக் வைத்த விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். நொடிக்கு 24 சட்டங்கள் எடுக்கும்போது ஷட்டர் கோணம் வழக்கமான 180 பாகையில் இருந்தால் படம் மினுக்கக்கூடும். 172.8 பாகை வைத்தால் ஒவ்வொரு சட்டமும் சரியாக 1/50 நொடி ஒளி பெறும். இரண்டு முழுத் துடிப்புகள் அதில் அடங்கும். ஷட்டரை இவ்வளவு துல்லியமாக அமைக்க முடிகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

விலையைக் கேட்கும்போது பதிவின் அளவையும் கேளுங்கள். நொடிக்கு 100 மெகாபைட் எழுதும் கேமரா ஒரு மணி நேரத்தில் 360 ஜிகாபைட் நிரப்பும். பிரதி ஒன்றும் வேண்டுமே, ஆக 720. என்னிடம் படித்த ஒருவர் கடன் வாங்கிக் கேமரா வாங்கினார்; லென்ஸுக்கும் ஹார்ட் டிஸ்குக்கும் பணம் மிஞ்சவில்லை. வட்டி ஓடியது, படம் ஓடவில்லை.

ஆகவே முதலில் ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு ரிப் பனியனை அருகிலும் தொலைவிலும் வைத்து எடுத்து, பெரிய திரையில் போட்டுப் பாருங்கள். கேமராவின் சிறு திரையில் மொய்ரே பல நேரம் தெரியாது.