பூட்டில்லா மென்பொருள்

நுழையும்முன்

கணினியில் நாம் எழுதுவன நமக்கே உரியவை என எண்ணுகிறோம். அவற்றை எக்காலத்தும் திறந்து படிக்கும் உரிமை நம்மிடம் இருக்கிறதா? இவ்வினாவுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தட்டச்சு செய்து சேமித்த தமிழ்க் கோப்பு ஒன்றை இன்று திறந்தால், தமிழ் எழுத்துகளுக்கு மாறாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும் திரையில் தோன்றக்கூடும். அக்காலத்தில் எழுத்துரு உருவாக்கியோர் பலர், தமிழ் எழுத்துகளுக்குரிய குறியீட்டு எண்களைத் தத்தம் விருப்பப்படி அமைத்துக்கொண்டதே இதற்குக் காரணமாகும். உரிய எழுத்துரு இல்லையெனில் கோப்பு இருந்தும் பயனில்லை. ஒருங்குறி என்னும் பொதுத்தரம் பரவிய பின்னரே இக்குறை பெரிதும் நீங்கியது. அதன் விதிகளை யாவரும் அறியலாம், யாவரும் பின்பற்றலாம். எழுத்துக்குப் பொருந்தும் இவ்வுண்மை மென்பொருளுக்கும் பொருந்தும்.

மூலநிரலும் உரிமையும்

மென்பொருளை உருவாக்குவோர், மனிதர் படித்தறியக்கூடிய கட்டளைகளாகவே அதனை முதலில் எழுதுகின்றனர். இதற்கு மூலநிரல் என்று பெயர். விண்டோஸ் போன்ற தனியுரிமை இயங்குதளங்களில், கணினி இயக்குவதற்கேற்ப மாற்றப்பட்ட வடிவமே பயனரை வந்தடைகிறது. மூலநிரல் நிறுவனத்திடமே இருக்கிறது. நாம் பெறுவது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. அதன் விலை பெரும்பாலும் கணினியின் விலையிலேயே அடங்கிவிடுவதால், அதனை இலவசம் எனக் கருதிவிடுகிறோம்.

இதற்கு மாற்றாக, அமெரிக்காவைச் சேர்ந்த ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை எந்நோக்கத்திற்கும் இயக்குதல், அதன் செயல்முறையைக் கற்று மாற்றியமைத்தல், படியெடுத்துப் பிறர்க்கு வழங்குதல், மாற்றியமைத்ததையும் வழங்குதல் ஆகிய நான்கு உரிமைகளே கட்டற்ற மென்பொருளின் அடிப்படையாயின. 1991இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் இயங்குதள உட்கருவை வெளியிட்டார். குனுவின் கருவிகளும் இவ்வுட்கருவும் இணைந்தே உபுண்டு முதலிய இயங்குதளங்கள் உருவாயின. 1998இல் 'திறந்த மூலம்' என்னும் பெயரும் வழக்கிற்கு வந்தது.

பலர் பார்ப்பதால் பிழை நீங்கும் என்பது தமிழுக்குப் புதிதன்று. உ.வே.சாமிநாதையர் ஊர்ஊராகச் சென்று சுவடிகளைத் தேடினார். ஒரே நூலின் பல படிகளை ஒப்பிட்டுச் சரியான பாடம் கண்டார். 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறியது இவ்வாறே. பேழைக்குள் பூட்டிவைத்த சுவடியைச் செல் அரித்தது. பலர் கைக்கு வந்த சுவடி நூலாக நிலைத்தது. திறந்த மூல மென்பொருளும் பலர் கண்பட்டுத் திருத்தம் பெறுவது.

தொடங்கும் வழி

விண்டோஸ் பயன்படுத்தும் ஒருவரிடம் இதனை எவ்வாறு எடுத்துரைப்பது? "உங்கள் இயங்குதளத்தை இன்றே நீக்கிவிடுங்கள்" என்பது நல்ல தொடக்கமாகாது. பழகிய கருவியைக் கைவிட எவரும் தயங்குவர். பயர்பாக்ஸ் உலாவி, லிபர் ஆபிஸ் அலுவலகத் தொகுப்பு, வி.எல்.சி. ஒளிபரப்பி, கிம்ப் படத்தொகுப்பி ஆகியவை திறந்த மூல மென்பொருள்கள். அவை விண்டோஸிலும் இயங்குவன. இவற்றுள் தேவையான ஒன்றை மட்டும் அறிமுகம் செய்தல் முதற்படி.

இரண்டாம் படி, ஆவணங்களைத் திறந்த வடிவத்தில் சேமித்தல். லிபர் ஆபிஸ் கையாளும் 'திறந்த ஆவண வடிவம்' 2006இல் பன்னாட்டுத் தர அமைப்பின் ஏற்பைப் பெற்றது. அதன் விதிகள் வெளிப்படையானவை ஆதலால், ஒரு மென்பொருள் மறைந்தாலும் ஆவணத்தைப் படிக்க வேறொன்றை உருவாக்க இயலும்.

மூன்றாம் படி, உபுண்டுவை விரலியில் பதிந்து, கணினியின் வன்தட்டை மாற்றாமல் இயக்கிப் பார்த்தல். அச்சுப்பொறியும் இணையமும் இயங்குகின்றனவா என அறிந்த பின், கோப்புகளுக்கு மாற்றுப்படி எடுத்துக்கொண்டு நிறுவலாம். 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிவுற்றது. அடுத்த பதிப்பை ஏற்க இயலாத பழைய கணினிகள் பலவற்றுக்கு லினக்ஸ் மறுவாழ்வு அளிக்கும்.

குறைகளை மறைத்தலும் கூடாது. சில தொழில்சார் மென்பொருள்கள் லினக்ஸில் இயங்குவதில்லை. சில கருவிகளுக்கு இயக்கிகள் கிடைப்பதில்லை. இவற்றை முன்னரே கூறுபவர் சொல்லையே பிறர் நம்புவர். உரிமமின்றிப் படியெடுத்த மென்பொருளும் தீர்வாகாது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பு என்னும் வகையில் சேர்த்தே காக்கிறது.

இரு அனுபவங்கள்

செருமனியின் மியூனிக் நகராட்சி 2003இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, பத்தாண்டுகளில் ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றியது. எனினும் 2017இல் விண்டோஸுக்குத் திரும்ப நகரமன்றம் முடிவு செய்தது. பணியாளர்களின் குறைகளும் பிற அலுவலகங்களுடனான ஆவணப் பரிமாற்றச் சிக்கல்களும் காரணங்களுள் அடங்கும் என எடுத்துரைக்கப்பட்டன. கேரளத்திலோ பள்ளிக் கணினிக் கல்வி கட்டற்ற மென்பொருளில் வேரூன்றியது. ஆசிரியர்கள் பயிற்சி பெற்றனர். பாடங்களுக்கேற்ற தனி லினக்ஸ் பதிப்பும் உருவாக்கப்பட்டது. அலுவலகமும் பள்ளியும் ஒன்றல்ல. ஆயினும், பயன்படுத்தும் மனிதருக்குத் துணை நில்லாத மாற்றம் நிலைக்காது என்பதை இவ்விரண்டும் உணர்த்துகின்றன. ஆகவே மென்பொருளை நிறுவித் தருவதோடு நம் கடமை முடிவதில்லை. முதல் சில நாள்கள் அருகிருந்து ஐயம் களைதலும் வேண்டும்.

மாணவர் பங்கு

இப்பணிக்கு நிரல் எழுதத் தெரிந்திருத்தல் கட்டாயமன்று. திறந்த மூல மென்பொருளின் திரைச்சொற்களைத் தமிழாக்கலாம். பிழையான சொல்லைச் சுட்டலாம். தமிழில் வேண்டுமா வேண்டாவா என ஒரு நிறுவனம் முடிவு செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மொழியறிந்த எவரும் இதில் பங்கேற்கலாம்.

நீங்கள் இன்று எழுதும் கட்டுரையை இருபத்தைந்து ஆண்டுகளுக்குப்பின் உங்கள் பிள்ளைகள் திறக்க நேரலாம். அப்போது அவர்கள் காண்பது தமிழாகவே இருத்தல் வேண்டும். அதற்கான வழியைத் தேர்வு செய்யும் உரிமை இன்று உங்கள் கையில் உள்ளது. அதனை அறிந்து பயன்படுத்துவதோடு, அருகில் இருப்பவர்க்கும் பொறுமையுடன் எடுத்துரையுங்கள்.