அப்பாவின் மோட்டாருக்குப் புதுக் கிளட்ச்

எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளுக்கு 14 வயது. எனக்கு 19. கிள்ளானில் இருந்து ஷா ஆலமில் உள்ள தொழிற்சாலைக்கு, கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் தடத்தில் அப்பா தினமும் போய்வந்து, மீட்டர் 118,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது.

ஒரு வியாழக்கிழமை, வேலை முடிந்து வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னார்: "மேம்பாலத்துல ஏறும்போது எஞ்சின் கத்துது, வண்டி நகர மாட்டேங்குது. பின்னால லோரிக்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே வர்றான்."

மறுநாள் பட்டறையில் கேட்டோம். கிளட்ச் தேய்ந்துவிட்டது, 260 வெள்ளி, இரண்டு நாள் ஆகும் என்றார்கள். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அப்பாவுக்கு வேலை. மாதக் கடைசி வேறு. "நான் மாற்றிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டேன். எஸ்பிஎம்மில் இயற்பியல் எடுத்தவள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. எங்கள் தாமானில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், சந்தேகம் வந்தால் போன் செய்யச் சொன்னார். அந்தத் தைரியத்தில் இறங்கினேன்.

கிளட்ச் என்ன செய்கிறது?

எஞ்சினின் சுழற்சியைக் கியர்பெட்டிக்குக் கொண்டுபோவதும், நாம் பிடியை அழுத்தும்போது அதைத் துண்டிப்பதும் கிளட்ச்சின் வேலை. எங்கள் 135 சிசி வண்டியில் ஐந்து உராய்வுத் தட்டுகளும், அவற்றுக்கு இடையில் நான்கு இரும்புத் தட்டுகளும் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஸ்பிரிங்குகள் அவற்றை இறுக்கிப் பிடிக்கின்றன. உராய்வு விசை இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று அழுத்தும் விசையைப் பொறுத்தது என்று வகுப்பில் படித்தோமே, அதேதான் இங்கேயும். தட்டு தேய்ந்தால் ஸ்பிரிங்கின் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் தட்டுகள் வழுக்குகின்றன. எஞ்சின் வேகமாகச் சுற்றினாலும் சக்கரத்துக்கு அந்த வேகம் போவதில்லை.

பிடியில் விளையாட்டு இல்லாமல் கேபிள் இறுகியிருந்தாலும் இதே வழுக்கல் வரும். அதனால் முதலில் அதைத்தான் பார்த்தேன். பிடியின் முனையில் 10 மில்லிமீட்டருக்கு மேல் விளையாட்டு இருந்தது. கேபிள் மீது குற்றம் இல்லை.

நான் மறைத்த விஷயம்

பழுதுபார்ப்புக் கையேட்டைப் படிக்கும்போது ஒரு வரியில் நின்றுவிட்டேன். இந்த வகைக் கிளட்ச் எஞ்சின் எண்ணெயிலேயே மூழ்கி இயங்குகிறது. அதனால் 'ஜாசோ எம்ஏ' என்று குறிக்கப்பட்ட எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். எரிபொருளை மிச்சப்படுத்துவதற்கான பல கார் எண்ணெய்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மங்கள் இருக்கும். எஞ்சினுக்கு அது நல்லது. எண்ணெயில் நனைந்த கிளட்ச்சுக்கு ஆகாது.

இரண்டு மாதங்களுக்கு முன் பேரங்காடியில் மலிவு விற்பனையில் இருந்த கார் எண்ணெயை வாங்கி வந்து ஊற்றியவள் நான்தான். சிக்கனம் செய்ததாக அன்று பெருமை வேறு. மேம்பாலத்தில் அப்பா லோரிக்கு முன்னால் தடுமாறியதை நினைத்தபோது வயிற்றைக் கலக்கியது. அப்போது அவரிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேலை

தட்டுகள், ஸ்பிரிங், கேஸ்கட், சரியான எண்ணெய் எல்லாம் சேர்த்து 134 வெள்ளி. புது உராய்வுத் தட்டுகளைச் சனிக்கிழமை இரவே எஞ்சின் எண்ணெயில் ஊறவைத்தேன். காய்ந்த தட்டைப் பூட்டினால் தொடக்கத்திலேயே சூடேறிக் கருகிவிடும்.

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பழைய எண்ணெயை வடித்தேன். கேபிளையும் கிக்கரையும் கழற்றிவிட்டு, வலப்பக்க மூடியின் போல்ட்டுகளுக்கு வந்தேன். எல்லாம் ஒரே நீளம் அல்ல. ஓர் அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, எந்தப் போல்ட் எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்திவைத்தேன். நீளமானதைக் குட்டையான துளையில் முறுக்கினால் அலுமினிய உறை வெடித்துவிடலாம். மூடி ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் எண்ணெய் கசியும். ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டியதில் விட்டுக்கொடுத்தது.

ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். வெளியே வந்த உராய்வுத் தட்டுகளைக் கடன் வாங்கிய வெர்னியரால் அளந்தேன். புதிதில் 3.0 மில்லிமீட்டர், குறைந்தபட்ச அளவு 2.8 என்றது கையேடு. என் கையில் இருந்தவை 2.6. இரும்புத் தட்டுகளில் இரண்டு, சூட்டில் நீலம் பாய்ந்திருந்தன.

தட்டுகள் உட்காரும் கூடையின் விரல்களையும் தடவிப் பார்த்தேன். அவற்றில் ஆழமான பள்ளம் விழுந்திருந்தால் கூடையையே மாற்ற வேண்டும். அதற்குத் தனிக் கருவி வேண்டும். அப்படி இருந்திருந்தால் வேலையை அங்கேயே நிறுத்திப் பட்டறைக்குக் கொண்டுபோக முடிவு செய்திருந்தேன். நல்லவேளை, நகத்தில் தட்டும் அளவுக்குக்கூடப் பள்ளம் இல்லை.

பழைய கேஸ்கட்டைச் சுரண்டவே ஒரு மணி நேரம் ஆனது. பிறகு எல்லாவற்றையும் வந்த வரிசைக்கு எதிர்வரிசையில் பூட்டி, புது எண்ணெய் ஊற்றி, எஞ்சினை இயக்கினேன். பிடியை முழுக்க அழுத்தி முதல் கியர் போட்டேன். வண்டி ஒரு குதி குதித்து அணைந்துவிட்டது.

மணி மாலை ஐந்து. எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டுமோ என்று அழுகையே வந்துவிட்டது. அப்பா வந்து பிடியை இரண்டு முறை அசைத்துப் பார்த்தார்.

"பழைய தட்டுக்கு வச்ச அளவு, புதுசுக்கு எப்படிம்மா சரியா வரும்?"

தட்டு தேயத் தேயக் கேபிளில் விளையாட்டு குறையும். அதை ஈடுகட்ட அவர் பல முறை கேபிளைத் தளர்த்தியிருக்கிறார். இப்போது தடிமனான புதுத் தட்டுகள் வந்ததும் விளையாட்டு அதிகமாகி, பிடியை அழுத்தினாலும் கிளட்ச் முழுதாக விலகவில்லை. திருகை மாற்றி 10 முதல் 15 மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்ததும் கியர் சத்தமில்லாமல் விழுந்தது.

அப்போதுதான் எண்ணெய் விஷயத்தைச் சொன்னேன். அவர் பழைய தட்டு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இந்தத் தேய்மானம் ரெண்டு மாசத்துல வந்ததில்லம்மா. இதுல என் 14 வருஷமும் இருக்கு. ஆனா அந்த எண்ணெய் மிச்சத்தை இனி இதுல ஊத்தாதே" என்றார்.

வடித்த எண்ணெயைப் புட்டியில் அடைத்துப் பட்டறை அண்ணனிடம் சேர்த்தேன். அதைச் சாக்கடையில் ஊற்றக்கூடாது.

இந்த வேலையில் 126 வெள்ளி மிச்சமானது உண்மைதான். ஆனால் நண்பர்களே, உங்கள் வீட்டு மோட்டாருக்கு எண்ணெய் வாங்கும்போது விலையைப் பார்ப்பதற்கு முன், புட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். அந்த ஒரு நிமிடத்தை நான் செலவழிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை 6.50க்கு அப்பாவிடம் இருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது: "பாலம் ஏறியாச்சு."