பூட்டாத வைஃபை: வீடு தேடி வந்தது போலீஸ்! புது லேப்டாப் வாங்கியவர்களே, உஷார்!

ஆமதாபாத்தில் 2008 ஜூலை 26-ந்தேதி தொடர் குண்டுகள் வெடித்தன. அதற்குச் சில நிமிடம் முன்பு டி.வி., பத்திரிகை அலுவலகங்களுக்கு மிரட்டல் இ-மெயில் பறந்தது. அது எங்கிருந்து வந்தது என்று துருவிய போலீசார், நவி மும்பையில் ஒரு அமெரிக்கர் குடியிருந்த வீட்டுக்குப் போய் நின்றனர். பூட்டாமல் கிடந்த அவரது வைஃபையில் எவனோ புகுந்து 'கைவரிசை' காட்டியிருந்தான்!

புது லேப்டாப் வாங்குவோருக்கு இது பாடம். இணைப்பது சுலபம், பூட்டுவதுதான் முக்கியம்.

இணைப்பது எப்படி?

விண்டோஸ் லேப்டாப்பில் வலது கீழ் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் உலக உருண்டை அல்லது விசிறி மாதிரி அடையாளம் இருக்கும். அதை அமுக்கினால் அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் வரிசையாக வரும். உங்களுடையதைத் தேர்ந்தெடுத்து பாஸ்வேர்டு அடிக்க வேண்டியதுதான். பெயரும் பாஸ்வேர்டும் பெரும்பாலும் ரவுட்டரின் அடியில் ஒட்டிய சீட்டில் இருக்கும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினால் ஏற்காது.

பெயரே வரலையா? 'ஏரோபிளேன் மோட்' ஆனில் இருக்கிறதா பாருங்க. இணைப்பு கிடைத்தும் நெட் வரலையா? ரவுட்டரை அணைத்து, அரை நிமிடம் கழித்துப் போடுங்க. அப்பவும் வராவிட்டால் லைனில் கோளாறு. இணைப்பு கொடுத்த கம்பெனிக்குச் சொல்லுங்க.

பூட்டு போடுங்க!

இணைந்ததும் சீட்டில் உள்ள பாஸ்வேர்டை மாற்றுங்க. போன் நம்பர், பிள்ளை பெயர் வேண்டாம். ரவுட்டர் செட்டிங்கில் 'டபிள்யு.பி.ஏ.2' அல்லது 'டபிள்யு.பி.ஏ.3' இருக்கட்டும். 'ஓப்பன்' என்று விடாதீங்க.

வெளியே போனால், பாஸ்வேர்டு இல்லாத ஓசி வைஃபையில் பேங்க் வேலை வேண்டாம். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் போடுங்க.