தாய்மாமன் உரிமை

மலேசியச் சட்டத்தில் தாய்மாமனுக்கு ஓர் இடம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் நெருங்கிய உறவில் திருமணம் செய்வதைத் தடுக்கிறது. ஆனால், இந்துக்கள் தங்கள் வழக்கப்படி தாய்மாமனை மணக்க அதில் விலக்கு இருக்கிறது.

பட்டர்வொர்த்தில் எங்கள் பாட்டி இதைத்தான் இரண்டு வருடமாகப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு 27 வயது, மாமாவுக்கு 36.

அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. இருவரும் மனமாரச் சம்மதிக்கிறார்கள் என்று பதிவதிகாரிக்குத் தெளிவானால்தான் திருமணத்தை நடத்தி வைக்கலாம். 21 வயது நிறைந்தவருக்குப் பெற்றோரின் ஒப்புதல்கூடக் கட்டாயமில்லை.

பாட்டியிடம் பேசும் முன் மாமாவிடம் கேட்டேன்.

"உன்னை சைக்கிள்ல பள்ளிக்கூடம் கூட்டிக்கிட்டுப் போனவன்மா நான். எனக்கும் இஷ்டமில்ல. அம்மா மனசு நோகுமேன்னுதான் பேசாம இருந்தேன்" என்றார்.

பெண்ணை மட்டுமா, ஆணையும் இந்த வற்புறுத்தல் வாய் மூட வைக்கிறது. இருவரும் சேர்ந்தே சொன்னோம். பாட்டி மூன்று வாரம் எங்களோடு பேசவில்லை, இப்போது பேசுகிறார்.

சீர் வரிசையோடு மணவறையில் முன்னால் நிற்பதும் தாய்மாமன் உரிமைதான். அந்த உரிமையை மாமா விட்டுக்கொடுக்க மாட்டாராம்.