போனில் வழி பார்த்தால் குற்றமா?

எழுதியது: 9ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

நம்ம பள்ளியில் பாதிப் பேர் வீட்டில் ஆட்டோ, வேன், பைக் என்று ஏதாவது ஒரு வண்டி ஓடுது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்க அப்பா குட்டியானை வண்டி ஓட்டுறாங்க. போன மாதம் தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டு, முன்ன பின்ன போகாத ஒரு ஊருக்குப் போனாங்க. வழி தெரியாமல் போனில் மேப் போட்டு, அதை இடது கையில் வைத்துக்கொண்டே ஓட்டியிருக்காங்க. ஒரு திருப்பத்தில் போலீஸ்காரர் நிறுத்திவிட்டார். “சார், நான் பேசல, வழிதான் பார்த்தேன்” என்று அப்பா சொல்ல, “எதுக்குப் பார்த்தா என்னப்பா, போன் கையில இருந்துச்சுல்ல” என்று 1000 ரூபாய் சலான் போட்டுவிட்டார். டீசல் போக அன்று அப்பா கையில் நின்றதே 900 ரூபாய்தான். “வழி பார்க்குறது ஒரு குத்தமா? அப்புறம் எதுக்கு அந்த மேப்பு?” என்று அம்மா கேட்டாங்க. யாருக்கும் பதில் தெரியல.

மறுநாள் சமூக அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். டீச்சர் கணினியில் சட்டத்தை எடுத்துக் கொடுத்தாங்க. இங்கிலீஷில் இருந்ததால் அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் மதிய இடைவேளையில் படித்தோம்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988ஆம் ஆண்டு வந்தது. அதில் 184ஆம் பிரிவு ஆபத்தாக வண்டி ஓட்டுவதைப் பற்றியது. 2019ல் சட்டத்தைத் திருத்தியபோது, கையில் பிடிக்கும் தகவல் தொடர்புக் கருவியைப் பயன்படுத்திக்கொண்டு ஓட்டுவதையும் இதில் சேர்த்தார்கள். போன் என்றால் அதில் அடக்கம். முதல் தடவை 1000 முதல் 5000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். மூன்று வருடத்துக்குள் மறுபடி அதே தப்பைச் செய்தால் 10,000 ரூபாய், சிறையும் இரண்டு வருடம் வரை போகலாம். சிறை என்று இருப்பதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. (அம்மா இந்தச் சுவர்ப் பக்கம் வர மாட்டாங்க என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

இதோடு நிறுத்தியிருந்தால் போலீஸ்காரர் சொன்னதுதான் சரி என்று நினைத்திருப்பேன். ஆனால் சட்டத்துக்குக் கீழே விதிகள் என்று தனியாக இருக்கு. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 21ஆம் விதி, எந்தெந்தத் தப்புக்கு லைசென்ஸை முடக்கலாம் என்று சொல்லுது. அதில் ஓட்டும்போது செல்போன் பயன்படுத்துவதும் ஒன்று. இதற்குக் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்தி வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015ல் மாநிலங்களுக்குச் சொல்லியிருக்கு. மூன்று மாதம் லைசென்ஸ் இல்லை என்றால் எங்க வீட்டில் அடுப்பு எரியாது. 1000 ரூபாயை விட எனக்கு இதுதான் பயமாக இருந்தது.

இந்த விதியைத்தான் 2020 அக்டோபர் 1 முதல் மாற்றியிருக்காங்க. ஓட்டும்போது போனை வழி பார்க்க மட்டும் பயன்படுத்தலாம், அதுவும் ஓட்டுபவரின் கவனம் கலையாத விதத்தில் என்று அதில் இருக்கு. ஆகவே வழி பார்ப்பது குற்றம் இல்லை. அப்பா பேசினது பாதி சரி.

மீதிப் பாதிக்கு ஒரு கணக்குப் போட்டேன். 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு மணி நேரத்தில், அதாவது 3600 விநாடியில், 40,000 மீட்டர். ஒரு விநாடிக்கு 11 மீட்டர். குனிந்து மேப்பைப் பார்த்து, தெருப் பெயரைப் படித்து நிமிர மூன்று விநாடி ஆகும் என்று வைத்தால் 33 மீட்டர். நம்ம கேட்டிலிருந்து சத்துணவுக் கூடம் வரை டேப் வைத்து அளந்தோம், 31 மீட்டர்தான். அவ்வளவு தூரமும் அப்பா ரோட்டைப் பார்க்காமல், ஒத்தைக் கையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, லோடு வண்டியில் வந்திருக்காங்க. கவனம் கலையவில்லை என்று என்னால் சொல்ல முடியல.

ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. கவனம் கலைவது என்றால் எது? போனை ஸ்டாண்டில்தான் வைக்க வேண்டும் என்று கூட விதியில் எழுதவில்லை. ரோட்டில் நிற்கும் போலீஸ்காரர்தான் முதலில் முடிவு செய்கிறார். இதே சண்டை அமெரிக்காவிலும் நடந்திருக்கு என்று டீச்சர் சொன்னாங்க. கலிபோர்னியாவில் 2014ல் ஒரு நீதிமன்றம், போனைக் கையில் வைத்து மேப் பார்ப்பது அப்போதைய சட்டப்படி குற்றம் இல்லை என்றது. அதனால் 2017 முதல் அங்கே சட்டத்தையே மாற்றி, போனைக் கண்ணாடியிலோ டேஷ்போர்டிலோ பொருத்த வேண்டும், ஒரு தட்டு தட்டலாம் அல்லது ஒரு தடவை தள்ளலாம், அவ்வளவுதான் என்று எழுதிவிட்டார்கள். 2025ல் இன்னொரு வழக்கில், கையில் பிடித்து மேப் பார்ப்பதும் குற்றம்தான் என்று தீர்ப்பு வந்தது. இப்படித் தெளிவாக எழுதினால் ஓட்டுபவருக்கும் தெரியும், பிடிப்பவருக்கும் தெரியும்.

சலானை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கோர்ட்டில் போய்ச் சொல்லலாம். அப்பாவிடம் சொன்னேன். “அதுக்கு ரெண்டு நாள் வாடகை போயிரும் பாப்பா” என்று பணத்தைக் கட்டிட்டாங்க.

இப்போ வண்டியில் 150 ரூபாய்க்கு ஒரு ஸ்டாண்ட் வாங்கி மாட்டியிருக்கு. ரோட்டை மறைக்காத மாதிரி ஓரமாக. கிளம்புவதற்கு முன்னாடியே ஊர்ப் பெயரை அடித்து, தமிழ்க் குரலை வைத்துவிடுறாங்க. வழியில் மாற்ற வேண்டும் என்றால் வண்டியை ஓரங்கட்டித்தான். பக்கத்தில் மாமா இருந்தால் போன் மாமா கையில். விதி ஓட்டுகிறவருக்குத்தானே. மூன்று வருடம் என்றைக்கு முடியுது என்று கணக்குப் பார்த்து, அந்தத் தேதியைக் காலண்டர் அட்டைக்குப் பின்னால் அப்பா எழுதி வச்சிருக்காங்க.