வெற்றிடக் குழாய் மிகைப்பிகளுக்கான மாற்று உதிரிப்பாகங்கள்

வெற்றிடக் குழாய் மிகைப்பி என்பது திரிதடையங்களுக்குப் பதிலாக வெற்றிடக் குழாய்களைக் (வால்வு) கொண்டு ஒலிக் குறிப்பலைகளைப் பெருக்கும் மின்னணுக் கருவி ஆகும். 1950களிலும் 1960களிலும் உருவாக்கப்பட்ட இத்தகைய மிகைப்பிகள் பல, இன்றும் கித்தார் கலைஞர்களால் பயன்படுத்தப்படுகின்றன. இவற்றைச் செப்பனிடும்போது பழுதான பாகத்துக்கு ஈடான மாற்றுப் பாகத்தைத் தேர்வது முதன்மையான பணி ஆகும். மாற்றுப் பாகத்தின் பெயரும் தோற்றமும் ஒத்திருந்தால் மட்டும் போதாது. குறிப்பிட்ட மிகைப்பியில் உண்மையில் நிலவும் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அது தாங்க வேண்டும்.

இக்கட்டுரையில் ஐக்கிய அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் 1963 முதல் தயாரித்த 'டீலக்ஸ் ரிவெர்ப்' கித்தார் மிகைப்பி எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. இதன் வெளியீட்டுத் திறன் ஏறத்தாழ 22 வாட்டு ஆகும்.

குழாய்கள்

ஒரே குழாய் அமெரிக்காவில் ஒரு பெயராலும் ஐரோப்பாவில் வேறு பெயராலும் வழங்கப்பட்டது. சில இணைகள் பின்வருமாறு:

* 12ஏஎக்ஸ்7 – இசிசி83
* 12ஏடி7 – இசிசி81
* 6பிக்யூ5 – இஎல்84
* 5ஏஆர்4 – ஜிஇசட்34

உருசியக் குழாய்களில் எச்சரிக்கை தேவை. 6என்2பி என்னும் குழாய் மின்னியல் பண்புகளில் 12ஏஎக்ஸ்7 குழாயை ஒத்தது. ஆயினும் அதன் சூடேற்றி இழை வேறு ஊசிகளில் இணைக்கப்பட்டுள்ளது. எனவே கம்பியிணைப்பை மாற்றாமல் அதனைப் பயன்படுத்த இயலாது.

டீலக்ஸ் ரிவெர்ப் மிகைப்பியில் இரண்டு 6வி6ஜிடி குழாய்கள் வெளியீட்டுப் பகுதியில் உள்ளன. இக்குழாயின் நேர்மின்வாய்க்கு அன்றைய தயாரிப்பாளர்கள் 350 வோல்ட்டு வரையே வரம்பு குறித்திருந்தனர். இம்மிகைப்பியிலோ 400 வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தம் தரப்படுகிறது. அக்காலக் குழாய்கள் பல இதனைத் தாங்கின. இன்று அதே பெயரில் விற்கப்படும் குழாய்கள் அனைத்தும் தாங்குவதில்லை.

சீராக்கிக் குழாயைத் தேர்வதிலும் இத்தகைய சிக்கல் உண்டு. ஜிஇசட்34 குழாயின் இழை 1.9 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கிறது. அதே தாங்கியில் பொருந்தும் 5யு4ஜிபி குழாய்க்கு 3 ஆம்பியர் தேவை. மிகுதியான இச்சுமை மின்வழங்கி மின்மாற்றியைச் சூடேற்றும்.

இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரில் இயங்கிய முல்லார்டு ஆலை உள்ளிட்ட பழைய ஆலைகள் குழாய் உற்பத்தியை நிறுத்திவிட்டன. ஒலி மிகைப்பிகளுக்கான புதிய குழாய்கள் பெரும்பாலும் சிலோவாக்கியா, உருசியா, சீனா ஆகிய நாடுகளிலிருந்தே வருகின்றன. 2022 மார்ச்சில் உருசியக் குழாய்களின் ஏற்றுமதி சிறிது காலம் தடைப்பட்டபோது விலைகள் உயர்ந்தன.

மின்தேக்கிகள்

மின்பகு மின்தேக்கிகளின் உட்பொருள் காலப்போக்கில் உலர்ந்துவிடும். பயன்படுத்தப்படாமல் இருப்பினும் அவை பழுதடையும். மின்வழங்கிப் பகுதியில் உள்ள மின்தேக்கி குறுக்குச்சுற்றானால், சீராக்கிக் குழாயையும் மின்மாற்றியையும் கெடுக்கக்கூடும். மலிவான பாகத்தைக் காலத்தே மாற்றுவது விலையுயர்ந்த பாகத்தைக் காக்கும்.

இம்மிகைப்பியில் 16 மைக்ரோபாரடு, 450 வோல்ட்டு அளவுள்ள ஐந்து மின்தேக்கிகள் உள்ளன. இவற்றுக்கு 22 மைக்ரோபாரடு, 500 வோல்ட்டு அளவுள்ளவை பொருந்தும். சீராக்கியை அடுத்து இரண்டு மின்தேக்கிகள் பக்க இணைப்பில் இருப்பதால் அங்கு மொத்த அளவு 44 மைக்ரோபாரடு ஆகும். ஜிஇசட்34 குழாய்க்குரிய உச்ச வரம்பு 60 மைக்ரோபாரடு. ஆகவே தாங்கும் மின்னழுத்தம் கூடுதலாக இருப்பது நன்று. கொள்ளளவை மனம்போல் கூட்டுதல் தவறு.

மின்மாற்றிகள்

மின்மாற்றிகள் மிகைப்பியின் வகைக்கேற்பச் சுற்றப்பட்டவை. ஆதலால் மாற்றுக் கிடைப்பது இவற்றுக்கே அரிது. பழைய மின்மாற்றிகளில் அச்சிடப்பட்ட எண் அடையாளம் காண உதவும். 606 எனத் தொடங்கும் குறியீடு சூமேக்கர் நிறுவனத்தைக் குறிக்கும். அதனைத் தொடரும் எண்கள் ஆண்டையும் வாரத்தையும் காட்டும். கனடாவின் ஹாமண்ட் போன்ற நிறுவனங்கள் பழைய ஃபெண்டர் வகைகளுக்குரிய மாற்று மின்மாற்றிகளைத் தயாரிக்கின்றன. கிடைக்காத வகைகளுக்கு, பழைய உள்ளகத்திலேயே கம்பியை மீளச் சுற்றுவிப்பது வழி. அதற்குச் சுற்றுகளின் எண்ணிக்கையும் கம்பியின் தடிப்பும் தேவைப்படுவதால், எரிந்துபோன மின்மாற்றியையும் எறிந்துவிடலாகாது.

மூலப் பாகங்களைப் பேணுதல்

மூலப் பாகங்கள் மாற்றப்படாத மிகைப்பிகளைச் சேகரிப்போர் உயர்ந்த விலைக்கு வாங்குவர். இதனால் சிலர் கெட்ட மின்தேக்கிகளையும் மாற்றத் தயங்குகின்றனர். கழற்றிய பாகங்களை ஓர் உறையிலிட்டு மிகைப்பியுடன் வைத்திருப்பது, பாதுகாப்பையும் வரலாற்றையும் ஒருங்கே பேணும் முறையாகும்.

பாதுகாப்பு

இக்கருவிகளில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் உள்ளது. மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் எஞ்சியிருக்கும். அதனை மின்தடையம் வழியே வெளியேற்றி, மின்னழுத்தமானியால் உறுதிசெய்த பின்னரே உட்பகுதியைத் தொட வேண்டும்.

இருமுனைச் செருகி கொண்ட பழைய அமெரிக்க மிகைப்பிகளில், மின்வழங்கிக்கும் உலோகச் சட்டகத்துக்கும் இடையே ஒரு மின்தேக்கி இருக்கும். அது குறுக்குச்சுற்றானால் கித்தாரின் கம்பிகளிலும் மின்சாரம் பாயக்கூடும். இதற்கு மாற்றுப் பாகம் தேட வேண்டியதில்லை. அதனை நீக்கிவிட்டு, புவித்தொடுப்புள்ள மும்முனைச் செருகியைப் பொருத்துதலே முறையாகும்.